ஜப்பானுக்கு நன்றிக் கடிதம், பக்கத்து ஷெட்டுக்கு போர்வெல் தண்ணீர்: ஒரு நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் 2023-24 கல்வியாண்டில் நடந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். ஆசிரியர் பயிற்றுநராக அந்தப் பள்ளிக்கு அடிக்கடி போய் வந்ததால் பெரும்பகுதியை நேரிலேயே பார்த்தேன், மீதியைத் தலைமையாசிரியையும் சமூக அறிவியல் ஆசிரியரும் சொன்னார்கள். ஊர், பள்ளி, ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. யார் என்று கண்டுபிடிக்க உதவும் சில விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

பின்னணி

ஊரைச் சுற்றி மாந்தோப்பு, தோப்பு முடிகிற இடத்தில் கிரானைட் பட்டறைகள். கல்லை அறுத்து பாலிஷ் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிற வேலை. அந்த வேலைக்கு இப்போது உள்ளூர் ஆட்கள் அதிகம் போவதில்லை. ஒடிசா, ஜார்க்கண்ட், பீகாரிலிருந்து வந்தவர்கள்தான் பட்டறைக்குப் பின்னால் தகர ஷெட்டுகளில் தங்கி வேலை செய்கிறார்கள். உள்ளூர் ஆண்களோ கட்டட வேலைக்கு பெங்களூர் போகிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் இது எல்லா ஊருக்கும் பொதுவான கதைதான்.

ஷெட்டுக் குடும்பங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளை ஊரிலேயே விட்டுவிட்டு வருபவை. கூடவே கூட்டி வந்த சில குடும்பங்களின் பிள்ளைகள் இந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள். ஏழாம் வகுப்பில் அப்படி ஒரு பெண், ஒடிசாவின் நுவாபடா மாவட்டத்தைச் சேர்ந்தவள். முந்தைய ஆண்டே சேர்ந்துவிட்டாள். தமிழ் ஓரளவு புரியும், பேசுவது குறைவு. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவினவே, அப்போது அந்தக் குடும்பமும் பயந்துபோய் ஷெட்டை விட்டு வெளியே வராமல் இருந்திருக்கிறது. அவள் பல நாள் பள்ளிக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று வகுப்பில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தண்ணீர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பாறை அப்படி. ஆழமாக போர் (ஆழ்துளைக் கிணறு) போடப் போட, பாறையோடு அதிக காலம் ஒட்டிக் கிடந்த தண்ணீர் மேலே வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேல் உள்ள தண்ணீரைச் சின்ன வயதில் தொடர்ந்து குடித்தால் நிரந்தரப் பல் முளைக்கும்போதே பழுப்புக் கறையோடு முளைக்கும். இன்னும் அதிகமான அளவில் பல வருடம் குடித்தால் முதுகும் மூட்டும் இறுகிப் போகும். இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல், 2013-இல் தொடக்கம், செலவு 1,900 கோடி ரூபாய்க்கு மேல், அதில் பெரும்பகுதி ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடன். இந்த ஊருக்கும் அந்தத் தண்ணீர் வருகிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

தொடக்கம்: படங்களும் கொடிகளும்

2015-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் நான்காவது கல்வி. அதன் 4.7 என்ற உட்பிரிவில் உலகக் குடிமை, அதாவது உலக மக்கள் எல்லாரையும் நம்மவராக நினைத்துப் பொறுப்போடு நடப்பது, என்ற சொல் வருகிறது. பயிற்சிக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. சமூக அறிவியல் ஆசிரியர் அப்படி ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து ஜூன் மாதமே ஆர்வமாக ஆரம்பித்தார். 17 இலக்குகளை வண்ணக் கட்டங்களாகச் சுவரில் வரைந்தார்கள். நாட்டுக்கு ஒரு கொடி, ஒரு வாழ்த்துச் சொல், ஓர் உடை. பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, அதில் பொய்யில்லை.

எனக்கு இந்த வகை வேலைகளில் ஒரு சந்தேகம் உண்டு. தூரத்து மனிதர்கள்மேல் பாசம் காட்டச் செலவே கிடையாது. கென்யாக்காரன் நம் குழாயடியில் வந்து நிற்கப் போவதில்லை. எட்ட இருப்பவனைப் பற்றிய பாடம், கிட்ட வந்து நிற்கும் அயலானிடம் நடந்துகொள்ளும் விதத்தைத் தானாக மாற்றிவிடும் என்று நாம் நம்பிக்கொள்கிறோம். இங்கே அது மாற்றவில்லை என்பது ஜூலையில் தெரிந்தது.

“நம்ம ஊருக்கு வெளியிலிருந்து என்னென்ன வருது” என்று ஆசிரியர் ஒரு பட்டியல் எழுதச் சொன்னார். செல்போன், பாமாயில், பொம்மை என்று போய்க்கொண்டிருந்த பட்டியலில் ஒரு பையன் ஒகேனக்கல் தண்ணீரைச் சேர்த்தான். அவன் மாமா குடிநீர் வாரியத்தில் ஒப்பந்த வேலை பார்த்தவர், ஜப்பான் பணம் என்று வீட்டில் பேச்சு உண்டாம். வகுப்பே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. ஜப்பானுக்கு நன்றிக் கடிதம் எழுதலாம் என்று முடிவானது, ஆளாளுக்கு ஒரு வரி சொன்னார்கள்.

கவனித்தவை

கடிதம் எழுதும் அந்த வகுப்பில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, ஒடிசாப் பெண் கடைசி பெஞ்சில் தனியாக இருந்தாள். ஆளுக்கொரு வரி கேட்டபோது அவள் முறை வந்ததும் தாண்டிப் போய்விட்டார்கள். வேண்டுமென்று செய்ததாகக்கூடத் தோன்றவில்லை, அது ஒரு பழக்கமாகிப் போயிருந்தது.

இரண்டு, அவளுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவள் முன்பற்களில் பழுப்புக் கறை. பல் விளக்காதவள் என்ற பொருளில் ஒரு கேலி, இங்கே எழுத வேண்டியதில்லை. அவள் சிரிக்கும்போதும் பேசும்போதும் கையால் வாயை மறைத்துக்கொள்வாள்.

மூன்றாவதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். கேலி செய்த பிள்ளைகளின் வீடுகளிலேயே அதே பல் இருக்கிறது. சத்துணவுக்கூட அக்காவுக்கு இருக்கிறது. மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக வரும் சித்தப்பாவுக்கும் பாட்டிக்கும் இருக்கிறது. ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்னால் இந்த ஊரில் வளர்ந்தவர்களில் நிறையப் பேருக்கு இருக்கிறது. வீட்டில் இருந்தால் அது பல், வெளியூர்க்காரிக்கு இருந்தால் அது அழுக்கு.

நுவாபடா மாவட்டமும் ஃபுளோரைடுக்குப் பேர்போன இடம். அவள் பல்லுக்கும் இவர்கள் பாட்டி பல்லுக்கும் காரணம் ஒன்றேதான். வகுப்பில் இது யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

எடுத்த முடிவுகள், அவற்றுக்கான காரணங்கள்

அன்று மாலை தலைமையாசிரியை, ஆசிரியர், நான் மூவரும் பேசினோம். கேலியை உடனே கண்டிக்க வேண்டும், அவளை முன்னால் அழைத்து எல்லாருக்கும் விளக்க வேண்டும் என்பது ஆசிரியரின் முதல் யோசனை. தலைமையாசிரியை ஒத்துக்கொள்ளவில்லை. “அந்தப் புள்ளையோட வாயை நாம பாடப்பொருளாக்கக் கூடாது சார். பேசணும்னா நம்ம வீட்டுப் பல்லுலருந்து ஆரம்பிங்க” என்றார். மொத்த நிகழ்விலும் சரியாக விழுந்த முடிவு இதுதான் என்பது என் கருத்து. பாதிக்கப்பட்ட பிள்ளையை நிறுத்தி வைத்துப் பரிதாபம் கற்பித்திருந்தால் அவள் மறுநாள் பள்ளிக்கு வந்திருக்க மாட்டாள்.

பட்டப்பெயர் சொன்ன இருவரைத் தனியே கூப்பிட்டுத் தலைமையாசிரியையே பேசிக்கொண்டார். வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை.

நன்றிக் கடிதத்தை நிறுத்தி வைப்பது அடுத்த முடிவு. அதற்குக் காரணம் ஒரு மாணவியின் கேள்வி. “கடன்தானே சார், திருப்பிக் கட்டுறோம்ல, அப்புறம் எதுக்கு நன்றி?” என்று அவள் கேட்டுவிட்டாள். நியாயமான கேள்வி. குறைந்த வட்டி, நீண்ட தவணை என்பது உதவிதான், ஆனாலும் அது இனாம் இல்லை. கொடுக்கிறவர் பெரியவர், வாங்குகிறவர் கையேந்துபவர் என்ற படத்தைப் பிள்ளைகள் மனதில் போட்டுவிட்டு அதற்கு உலகக் குடிமை என்று பெயர் வைத்தால் எப்படி? அதனால் கடன் எப்படி வேலை செய்கிறது, யார் கட்டுகிறார்கள், 2008-இல் கர்நாடகாவில் இந்தத் திட்டத்துக்கு ஏன் எதிர்ப்பு வந்தது என்று பாடத்தை நீட்டினார்கள். குடகில் பிறக்கும் ஆற்றிலிருந்து வரும் தண்ணீர் என்பதால் அந்த எதிர்ப்பைப் பேசாமல் விட முடியாது. வகுப்பில் வீட்டில் கன்னடம் பேசும் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த ஒரு வகுப்பு கொஞ்சம் சூடாகவே போனது.

அப்புறம் பாட்டிகளிடம் கேட்டு வரச் சொன்னார்கள். எந்தக் கிணறு, எந்த போர், எப்போது பல் கறைபட்டது, முட்டி எப்போது மடங்காமல் போனது. பிள்ளைகள் எழுதி வந்த நோட்டுகள் எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நன்றாக இருந்தன. தொண்ணூறுகளில் ஏரி வற்றி போர் ஆழமாகப் போன கதையை ஒரு தாத்தா வருஷ வாரியாகச் சொல்லியிருந்தார். பல்லைக் காரணம் காட்டிப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வராத கதையை ஒரு பாட்டி சொல்லியிருந்தார். அதை எழுதி வந்தவன் கேலி செய்த இருவரில் ஒருவன்.

இதற்குப் பிறகுதான் உலக வரைபடம் வெளியே வந்தது. கென்யா, தான்சானியா, எத்தியோப்பியா வழியாகப் போகும் பிளவுப் பள்ளத்தாக்கில் எரிமலைப் பாறையால் இதே கறை. சீனாவில் உண்டு, ராஜஸ்தானில் உண்டு, தெலங்கானாவின் நல்கொண்டாவில் உண்டு. இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் 1937-இல் பதிவானதே அப்போதைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில்தான். ஆசிரியர் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பழுப்புப் பொட்டு வைத்துக்கொண்டே வந்து, கிருஷ்ணகிரி, தருமபுரிக்கு வைத்து, நுவாபடாவுக்கும் ஒன்று வைத்துவிட்டு, எதுவும் சொல்லாமல் அடுத்த இடத்துக்குப் போனார். சில தலைகள் பின்னால் திரும்பின. அந்தப் பெண் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் சாப்பாட்டின்போது இரண்டு பெண்கள் அவளிடம் போய் உங்கள் ஊரில் என்ன தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார்களாம். தனக்குத் தெரிந்து அவளிடம் யாரும் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று ஆசிரியர் சொன்னார்.

இந்தப் பேச்சிலிருந்து வந்த செய்தி யாரும் எதிர்பார்க்காதது. ஷெட்டுக்கு ஒகேனக்கல் தண்ணீர் கிடையாது. பட்டறையின் பழைய போர் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அவளுக்கு நான்கு வயதில் ஒரு தம்பி இருக்கிறான்.

ஊராட்சியில் ஜல் ஜீவன் என்ற மத்திய அரசின் குடிநீர்த் திட்டத்துக்குக் கொடுத்த கள நீர்ப் பரிசோதனைப் பெட்டி பிரிக்காமலே கிடந்தது. பயிற்சி எடுத்திருந்த சுய உதவிக் குழு அக்கா ஒருவரைப் பள்ளிக்கு வரவழைத்தார்கள். பள்ளிக் குழாய்த் தண்ணீர் வரம்புக்குள் இருந்தது. அந்தப் பெண் பாட்டிலில் கொண்டு வந்த தண்ணீர் நிற அட்டையில் 1.5-ஐத் தாண்டிவிட்டது. நிற அட்டையை மட்டும் நம்பிப் பேச வேண்டாம் என்று மாதிரியைக் குடிநீர் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பினோம். அதுவும் அதையே சொன்னது. கொதிக்க வைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்றுதான் ஷெட்டில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கொதித்தால் தண்ணீர்தான் குறையும், ஃபுளோரைடு அப்படியே இருக்கும்.

பெரியவர்களிடம் போனபோது

பிள்ளைகள் நேராக ஊராட்சித் தலைவரிடம் போகத் துடித்தார்கள். தலைமையாசிரியை தடுத்துவிட்டார். ஊர்ச் சண்டை பிள்ளைகள் தலையில் விழக் கூடாது, பள்ளி மேலாண்மைக் குழு வழியாகப் போகலாம் என்றார். பயம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அது பொறுப்பாகப்பட்டது.

செப்டம்பர் குழுக் கூட்டம் லேசாகப் போகவில்லை. “எங்களுக்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் மேட்டுத் தெருவுக்கு ரெண்டு குடம்தான்” என்றார் ஓர் அம்மா. உண்மைதான். கல்லு கம்பெனிக்காரன் சம்பாதிக்கிறான், தன் ஆளுக்கு அவன்தான் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். அதுவும் உண்மை. ஆசிரியர் பெங்களூர் பேச்சை எடுத்தார், நம் வீட்டு ஆண்களும் வெளி மாநிலத்தில் ஷெட்டில்தானே இருக்கிறார்கள் என்று. இது மனதைத் தொடும் என்று எதிர்பார்த்தார் போல. குழுத் தலைவி, கணவர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்ப்பவர், பட்டென்று திருப்பிக் கேட்டார்: “எங்க வீட்டுக்காரருக்கு அங்க யாரு சார் குழாய் போட்டுக் குடுத்தாங்க? கேன் தண்ணி காசு குடுத்துத்தான் குடிக்கிறாரு.”

அறையில் யாரிடமும் பதில் இல்லை. நமக்கு நேர்ந்த குறையைச் சொன்னால் அடுத்தவன் குறை புரியும் என்று நாம் பாடத்திட்டங்களில் எழுதுகிறோம். நிஜத்தில் பல நேரம் இப்படித்தான் திரும்பி வரும், எனக்குக் கிடைக்காதது அவனுக்கு எதற்கு என்று.

பேச்சை நகர்த்தியது தம்பியின் வயது. எட்டு வயதுக்குள் குடிக்கிற தண்ணீர்தான் பல்லைத் தீர்மானிக்கும் என்று சுய உதவிக் குழு அக்கா விளக்கினார். அவருக்கே பல் கறை உண்டு, அதனால் அவர் சொன்னதை யாரும் வாத்தியார் பேச்சு என்று தள்ளவில்லை. கடைசியில் தீர்மானம் சின்னதாக எழுதப்பட்டது: பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் வசிக்கும் எல்லாக் குடியிருப்புக்கும் பாதுகாப்பான குடிநீர் வேண்டும். ஒடிசா, ஷெட்டு என்ற சொற்களே அதில் இல்லை. தலைவிதான் அப்படி எழுதச் சொன்னார், கையெழுத்தும் முதலில் அவர்தான் போட்டார். அக்டோபர் 2 கிராம சபையில் அதைப் படித்தவரும் அவரே, மேட்டுத் தெருப் பிரச்சினையையும் சேர்த்து.

அதன் பிறகு

பட்டறை இடம் தனியார் நிலம், உள்ளே குழாய் போட முடியாது என்று ஊராட்சியில் சொன்னார்கள். டிசம்பரில் பட்டறைச் சுவருக்கு வெளியே, சாலையோரம் ஒரு பொதுக் குழாய் வந்தது. மேட்டுத் தெருவுக்கு வால்வு மாற்றிக் கொடுத்ததில் அங்கேயும் கொஞ்சம் சீரானது. பட்டறை முதலாளி ஆய்வக அறிக்கையைப் பார்த்ததும் கேன் தண்ணீர் வாங்கிப் போட்டார், பொங்கலுக்குப் பிறகு அது நின்றுவிட்டது. குழாயடியில் ஷெட்டுப் பெண்கள் கடைசியில்தான் பிடிக்க வேண்டும் என்று ஓர் எழுதாத விதி உருவானது. அதை யாரும் மாற்றவில்லை.

வகுப்பில் ஒரு பலகை தயாரித்தார்கள், போர் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம் என்று. தமிழில் பிள்ளைகள் எழுதினார்கள். ஒடியாவில் அந்தப் பெண்ணின் அப்பா எழுதிக் கொடுக்க, அவள் அதைப் பார்த்துப் பெரிய எழுத்தில் வரைந்தாள். ஒடியா எழுத்து வட்ட வட்டமாக இருக்கிறதே என்று ஆளாளுக்குத் தங்கள் பெயரை எழுதித் தரச் சொன்னார்கள். அந்த வாரம் அவளுக்குக் கொஞ்சம் மவுசு இருந்தது என்றே சொல்லலாம்.

பட்டப்பெயர் ஏழாம் வகுப்பில் நின்றது. பள்ளிக்கு வெளியே நின்றதாகச் சொல்ல மாட்டேன். ஜனவரியில் ஆறாம் வகுப்பில் ஒரு ஜார்க்கண்ட் பையன் சேர்ந்தபோது “இந்திக்காரன்” என்ற அழைப்பு முதல் நாளே ஆரம்பித்துவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் யாரும் அதில் தலையிடவில்லை. அந்த வகுப்பு கற்றுக்கொண்டது அந்தப் பெண்ணோடு பழகுவதைத்தான், அவளைப் போன்ற இன்னொருவனிடம் அது தானாகப் போகவில்லை.

ஜப்பான் கடிதம் கடைசிவரை போகவில்லை. நன்றி வேண்டாம், கேள்வி கேட்டு எழுதலாம் என்று ஒரு கட்சி, இரண்டும் வேண்டும் என்று ஒரு கட்சி. ஆண்டுத் தேர்வு வந்துவிட்டது.

ஜூனில் பள்ளி திறந்தபோது அந்தப் பெண் வரவில்லை. மேஸ்திரி ஆட்களை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார். மாற்றுச் சான்றிதழ் வாங்காமலே போயிருந்தார்கள். தலைமையாசிரியை அப்பாவின் எண்ணைத் தேடிப் பிடித்து, போன இடத்தில் எந்தப் பள்ளி பக்கம் என்று விசாரித்துச் சொல்லி, அங்குள்ள தலைமையாசிரியரிடமும் பேசிச் சேர்க்க வைத்தார். ஆசிரியருக்கும் கலந்தாய்வில் மாறுதல் கிடைத்துவிட்டது.

மறுபடி செய்தால்

வரிசையைத் தலைகீழாக்கலாம் என்பது மூவரின் கருத்தும். ஜூன் மாதமே தண்ணீர், பல், ஷெட்டு என்று ஊருக்குள் ஆரம்பித்து, அந்தக் கேள்விகள் எங்கே இழுத்துப் போகிறதோ அங்கே கென்யாவையும் ஜப்பானையும் கொண்டு வரலாம். கொடி வரைவது நவம்பரில் வரட்டும், அப்போது அதற்கு ஏதாவது பொருள் இருக்கும்.

ஒரு வகுப்போடு நிறுத்தக் கூடாது. ஆறு முதல் எட்டு வரை சேர்த்து, புதிதாக ஒரு பிள்ளை சேரும்போது முதல் வாரம் அவனோடு யார் இருப்பது, பெயரை எப்படிச் சொல்வது, அவன் மொழியில் எந்த நான்கு சொற்களைக் கற்றுக்கொள்வது என்று பிள்ளைகளே ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும். ஆசிரியர் மாறினாலும் அது இருக்கும்.

குழுக் கூட்டத்தில் தலைவி கேட்ட கேள்வியை நாங்கள் பதில் சொல்லாமலே கடந்துவிட்டோம். அதை வகுப்பில் எடுக்கலாம். வெளி மாநிலத் தொழிலாளிக்குத் தண்ணீரும் தங்குமிடமும் கொடுக்க வேண்டியது யார்? ஒப்பந்ததாரர் என்னென்ன செய்து தர வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம் சொன்னது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பெங்களூரில் இருக்கும் அப்பாக்களுக்கு அது கிடைக்கிறதா, இங்கே ஷெட்டில் இருப்பவர்களுக்குக் கிடைக்கிறதா என்று பிள்ளைகள் இரண்டு பக்கமும் போன் போட்டுக் கேட்டு எழுதலாம். மாறுதலாகிப் போன ஆசிரியர் புதுப் பள்ளியில் இதைத்தான் முதலில் செய்யப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பழைய பள்ளியில் சமூக அறிவியலுக்கு இன்னும் ஆள் போடவில்லை. தலைமையாசிரியையே அந்தப் பாடத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.